திண்ணைப் பேச்சு: பெரிய வியாழனன்று தேர்தல் பணி



சென்ற திங்கள் வாசகி ஒருவர் எனக்கு எழுதிய மடலில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவரும் அவருடைய கணவரும் அரசுப் பணியில் இருப்பவர்கள். இருவருக்கும் ஒரே நாளில் வெளியூர்ப் பணி வந்துவிட்டால், பிள்ளைகளைத் தோழியின் இல்லத்தில் விட்டுச் செல்வது தகுமா, அல்லது இருவரில் ஒருவர் எப்படியாவது விடுப்புப் பெறுவதுதான் முறையா என்பது அவர் கேள்வி. இதற்கு ஒரு வரியில் விடை எழுதிவிடலாமென்று பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. 2019-ஆம் ஆண்டு எங்கள் இல்லத்தில் நடந்தது நினைவுக்கு வந்து கையைப் பிடித்துக்கொண்டது. ஆகவே அதையே இம்முறை எழுதுகிறேன். வாசகி பொறுத்தருள வேண்டும்.

அவ்வாண்டு தமிழ்நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் ஏப்ரல் 18-ஆம் நாள் நடைபெற்றது. அன்று பெரிய வியாழன். தேதியை மாற்ற வேண்டுமென்று கிறிஸ்தவர் தரப்பிலிருந்து கோரிக்கை எழுந்ததும், தேதி மாறாமலே போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். மதுரையில் அன்றுதான் மீனாட்சியம்மன் தேரோட்டம். மறுநாள் விடியலில் அழகர் வைகையில் இறங்கும் விழா. அதனால் மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்களிக்க இரவு 8 மணி வரை நேரம் நீட்டித்தார்கள். திண்டுக்கல்லில் இருந்த எங்களுக்கு வழக்கம்போல் மாலை 6 மணிதான்.

நான் பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்தால் ஆசிரியர்களுக்குப் பணி வரும் என்பது தெரிந்ததே. எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பொறுப்பு வந்தது. நத்தம் சட்டமன்றத் தொகுதியில் ஒரு சிற்றூர். அடுத்த நாளே என் கணவருக்கும் ஆணை வந்தது. அவருக்குப் பழனிப் பக்கம். கணினி குலுக்கிப் போடுகிற சீட்டுக்குக் கணவன் மனைவி என்று தெரியுமா? நான் கிழக்கே, அவர் மேற்கே.

பிள்ளைகள் இருவர். மூத்தவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, இளையவனுக்கு ஏழு. இளையவனுக்கு அந்தப் பெரிய வியாழன் ஓர் அரிய நாளாக இருந்தது. பாதம் கழுவும் சடங்குக்கு மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளில் பன்னிருவரைப் பங்குத்தந்தை தெரிந்தெடுத்திருந்தார். அவர்களில் இவனும் ஒருவன். “எனக்கு ஏன் இல்லை?” என்று மூத்தவள் கேட்டாள். பெண்களின் பாதமும் கழுவலாம் என்று 2016-லேயே உரோமையிலிருந்து ஆணை வந்துவிட்டதை அவள் எங்கோ படித்திருந்தாள். அடுத்த ஆண்டு கேட்கலாம் என்று சொல்லி வைத்தேன். இளையவனோ ஒரு வாரமாகக் காலை மாலை இருவேளையும் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவினான். அழுக்கில்லாத காலைச் சாமியார் எதற்கடா கழுவ வேண்டும் என்று அவன் தந்தை கேட்டதற்கு, அழுக்கோடு நீட்டினால் அவருக்கு அருவருப்பாக இராதா என்று திருப்பிக் கேட்டான்.

ஆணை வந்த அன்று அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொன்னேன். அவன் அழவில்லை. “அம்மா, நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களே” என்று மட்டும் கேட்டான். அவ்வளவுதான். அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நத்தத்தில் என் கல்லூரித் தோழி இருக்கிறாள். கணவர் மாங்காய் வணிகம் செய்பவர். அவர்கள் இந்துக்கள், எங்கள் நட்புக்கு இருபது வயதுக்கு மேலாகிறது. தொலைபேசியில் கேட்ட மறுகணமே, “பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடு, நீ பணி முடித்துத் திரும்பும் வழியில் அழைத்துப் போ” என்றாள். வேறு எதுவும் அவள் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

17-ஆம் நாள் விடியற்காலையில் பிள்ளைகளோடு பேருந்து ஏறினேன். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். எங்கள் பேருந்து காரைக்குடி வரை செல்வது. இருக்கை கிடைத்ததே பெரிது. இறங்கும்போது கட்டைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினோம். தோழியின் வீட்டில் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு கிலோ சின்ன வெங்காயம், ஒரு லுங்கி, ஒரு பழைய குடை. ஒரே துணிக்கடைப் பையை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தால் வேறென்ன ஆகும்? என் மாற்றுச் சேலை, பல் துலக்கும் பொருள், வெந்நீர்க் குடுவை, இரவு உறங்க விரிப்பு எல்லாம் காரைக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தன. தேர்தல் ஆணை மட்டும் நல்லவேளையாகக் கைப்பையில் இருந்தது. தோழி தன் சேலை ஒன்றையும் ஒரு போர்வையையும் கொடுத்தாள். அவளுடைய மாமியார், எழுபதைக் கடந்த மூதாட்டி, அந்த வெங்காயத்தைப் பார்த்துச் சிரித்தார். “பாவம் எவன் வீட்டுக் குழம்போ” என்று சொல்லித் தனியே ஒரு கூடையில் எடுத்து வைத்தார். பிள்ளைகள் அவரை அப்பத்தா என்றே அழைத்தார்கள். வெங்காயத்துக்கு உரியவர் கடைசிவரை வரவில்லை. என் பையும் வரவில்லை.

தேர்தல் பணியின் விவரங்களை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். முதல் நாளே வாக்குச்சாவடிக்குப் போய்விட வேண்டும். மண்டல அலுவலரின் வண்டியில் கருவிகள் வந்து சேரும். இரவு அங்கேயே தங்கல். எங்களுக்கு ஒரு தொடக்கப்பள்ளி; இரண்டு வகுப்பறை, ஒரு வேப்பமரம், சற்றுத் தள்ளிக் கழிப்பறை. ஊர்ப் பெண்கள் இருவர் வந்து, “டீச்சர், எங்கள் வீட்டில் வந்து குளித்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். விதிப்படி உள்ளூர்க்காரரின் உபசரிப்பை ஏற்கலாகாது. தண்ணீர் உபசரிப்பில் சேருமா என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லவில்லை. நான் குளித்தேன்.

விடிந்ததும் முகவர்கள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது வாக்குகள் போட்டு, காட்டி, எண்ணி, பின்பு அவற்றைக் கருவியிலிருந்து அழித்துவிட வேண்டும். அழிக்க மறந்தால் அந்த ஐம்பதும் மெய்யான வாக்குகளோடு கலந்துவிடும். மூன்று பயிற்சி வகுப்பிலும் எங்களை அச்சுறுத்தியது இந்த ஒன்றைச் சொல்லித்தான். காகிதச் சீட்டுகளையும் எடுத்து முத்திரையிட்டுக் கறுப்பு உறையில் வைக்க வேண்டும். சரியாக ஏழு மணிக்குத் தொடங்கினோம். முதல் அலுவலர் பட்டியலில் பெயர் பார்ப்பார். இரண்டாமவர் விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையொப்பம் வாங்குவார். மூன்றாமவர் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்துவார். இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எத்தனை வாக்கு விழுந்தது என்று கைப்பேசியில் செய்தி அனுப்புவது என் வேலை. வாக்களித்தவர், தாம் அழுத்திய சின்னம் கண்ணாடிக்குப் பின்னே ஏழு நொடி தெரிந்து மறைவதைப் பார்க்கலாம். ஒரு பாட்டி அந்த ஏழு நொடியும் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

பகல் மூன்று மணிச் செய்தி அனுப்பக் கைப்பேசியை எடுத்தேன். தோழியிடமிருந்து ஐந்து அழைப்புகள் வந்து நின்றிருந்தன.

இளையவன் கொல்லையில் மாமரத்திலிருந்து விழுந்துவிட்டான். இடது முன்கை வீங்கிப் போயிருந்தது. எலும்பு மருத்துவர் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது தோழியின் குரல் நடுங்கியது. என்னை நம்பி விட்டாயே, என்னை நம்பி விட்டாயே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வாசகர்களே, அந்த அரை மணி நேரத்தை நான் ஒழுங்காகச் சொல்ல இயலாது. வெளியே வெயிலில் வரிசை நின்றது. முதல் அலுவலர் ஓய்வுபெறும் வயதை நெருங்கிய தலைமையாசிரியர். என் முகத்தைப் பார்த்து விவரம் கேட்டறிந்து, “நீங்கள் போய் வாருங்கள் அம்மா, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் நான் பார்த்துக்கொள்வேன். விதியில் இடம் இருக்கிறது” என்றார். இடம் இருப்பது உண்மைதான். ஆனால் எதில் ஏறிப் போவது? நத்தம் பதினொரு கிலோமீட்டர். அந்நேரத்தில் பேருந்து இல்லை. கட்சி முகவர் ஒருவர் எழுந்து, “என் வண்டியில் கொண்டு போய் விடுகிறேன் அக்கா” என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். என் மகன் வயதில் அவருக்கும் பிள்ளை இருந்திருக்கலாம். எதிர்க்கட்சி முகவர் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். தலைமை அலுவலர் ஒரு கட்சிக்காரரின் வண்டியில் ஏறிப் போனால் அந்த வாக்குச்சாவடியின் பெயர் என்னாகும்? காலையில் தண்ணீருக்கு விதியைத் தளர்த்திக்கொண்ட எனக்கு இதில் தளர்த்த மனம் வரவில்லை. மண்டல அலுவலரை அழைத்தேன். மாற்று அலுவலர் வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்.

மறுபடியும் தோழியை அழைத்தேன். அதற்குள் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எலும்பு முழுதும் ஒடியவில்லை. பச்சைக் கொம்பை வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் பிளக்குமே, அதுபோல என்று மருத்துவர் சொன்னாராம். சிறு பிள்ளைகளுக்கு இப்படித்தான் முறியுமாம். நாலைந்து வாரத்தில் கூடிவிடும் என்றாராம். கைப்பேசியை இளையவனிடம் கொடுக்கச் சொன்னேன். “அம்மா, எல்லோரும் ஓட்டுப் போட்டு விட்டார்களா?” என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். “அப்படியென்றால் முடித்துவிட்டு வாருங்கள்” என்றான். ஏழு வயதுப் பிள்ளை எனக்கு உத்தரவு கொடுத்தது. நான் இருந்துவிட்டேன்.

அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாற்று அலுவலரை வரச் சொல்லியிருந்தால் ஐந்து மணிக்காவது நான் அவன் அருகில் இருந்திருப்பேன். கட்டுப் போட்டாயிற்று, வலிக்கு ஊசியும் போட்டாயிற்று, இனி நான் போய் என்ன செய்வது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி மெய், பாதி சாக்கு.

ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டுக் கொடுத்தோம். இதைக் கடைசியில் நிற்பவரிலிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கி முன்னோக்கிக் கொடுத்து வரவேண்டும். அப்போதுதான் ஆறு மணிக்குப் பிறகு யாரும் வரிசையில் சேர முடியாது. பின்பு கருவியை முடித்து, பதிவான வாக்குகளின் கணக்கை 17சி படிவத்தில் எழுதி முகவர்களுக்குப் படி கொடுத்து, அரக்கு முத்திரை வைத்து, உறைகளை அடுக்கி முடித்தபோது மணி எட்டரை. இனிக் கருவிகளை வண்டியில் ஒப்படைத்தால் போகலாம். அந்த வண்டி எங்கள் வழித்தடத்தில் நான்கு சாவடி தாண்டி வர வேண்டும். இரண்டாவது சாவடியில் சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரத்திலும் காற்று இல்லை. நள்ளிரவு கடந்து ஒன்று பத்துக்கு வந்தது. நாங்கள் நால்வரும் ஒரு காவலரும் முத்திரையிட்ட பெட்டிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எங்கள் கோவிலில் அந்நேரம் நற்கருணை ஆராதனை நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தேன். தலைமையாசிரியர் ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பிரித்து எல்லோருக்கும் எண்ணி எண்ணிக் கொடுத்தார். கணக்கு எழுதிய கை அல்லவா!

நத்தம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது இரண்டு மணியைத் தாண்டிவிட்டது. அழகரைக் காண மதுரைக்குப் போகும் கூட்டம் அப்போதும் வண்டி வண்டியாகச் சென்றுகொண்டிருந்தது; மொட்டைத் தலைகளும் மஞ்சள் துணியும், நீர் பீய்ச்சும் தோல்பையுமாக. தோழியின் கணவர் எனக்காக இருசக்கர வண்டியோடு காத்திருந்தார். வீட்டுக்குப் போனால் எல்லோரும் விழித்திருந்தார்கள். மூத்தவள் ஓடிவந்து கட்டிக்கொண்டு, அதுவரை அடக்கிவைத்த அழுகையையெல்லாம் அழுதாள். அவன் மட்டும் உறங்கிக்கொண்டிருந்தான். அப்பத்தா அருகில் அமர்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். மாவுக்கட்டின் மேல் ஈ உட்காராமல் ஒரு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவன் காலைப் பார்த்தேன். முழங்கால் வரை மண்ணும் மாம்பாலும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் அழகர் ஆற்றில் இறங்குவதை நேரலையாகக் காட்டினார்கள். அப்பத்தா அதன் முன்னே நின்று கைகூப்பினார். ஒன்றும் பேசவில்லை. வயதானவர்கள் வீட்டிலிருந்தே தரிசிப்பார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டு, நான் பிள்ளைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

என் கணவருடைய கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்திருந்ததால் அவருக்கு வெள்ளி காலையில்தான் செய்தி தெரிந்தது. திண்டுக்கல் வீட்டு வாசலில் மகனின் கையைப் பார்த்தார். “நானாக இருந்தால் போயிருப்பேன்” என்றார். எனக்குச் சினம் மூண்டது. நீங்கள் பழனியில் இருந்தீர்கள், ஆகவே எளிதாகச் சொல்கிறீர்கள் என்றேன். பெரிய வெள்ளி வழிபாட்டில் ஒரே விசுப்பலகையில் அமர்ந்து ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தோம். ஞாயிறு காலை வரை அப்படியே. பாஸ்கா ஞாயிறன்று இலங்கையிலிருந்து செய்தி வந்தது. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் கோவிலுக்குச் சென்ற குடும்பங்கள் குண்டுவெடிப்பில் மாண்ட செய்தி. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கையைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை.

அடுத்த ஆண்டு உனக்குத்தான் என்று பங்குத்தந்தை இளையவனுக்குச் சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு 2020. ஊரடங்கு. கோவில்கள் மூடிக் கிடந்தன. பாதம் கழுவும் சடங்கே இல்லை. அழகரும் அவ்வாண்டு வைகையில் இறங்கவில்லை. 2021-லும் எங்கள் பங்கில் அந்தச் சடங்கை விட்டுவிட்டார்கள். அழகர் விழாவும் மக்களின்றிக் கோவிலுக்குள்ளேயே முடிந்தது.

அந்த 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பத்தா காலமானார். நாங்கள் நால்வரும் நத்தம் சென்றோம். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின், கொல்லைப்புறத்தில் அந்த மாமரத்தடியில் அமர்ந்திருந்தபோதுதான் தோழி சொன்னாள். 2019-இல் அவர்கள் குடும்பத்தோடு மதுரைக்குப் போக வண்டி பேசி முன்பணமும் கொடுத்திருந்தார்களாம். பெரிய வியாழன் இரவு எட்டு மணிக்குப் புறப்பட ஏற்பாடு. நான் பிள்ளைகளை விடலாமா என்று கேட்டபோது, எப்படியும் இருட்டுமுன் அழைத்துப் போய்விடுவேன் என்று எண்ணி இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். அவன் விழுந்தபின் பயணத்தை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டார் வண்டியில் நீங்களாவது போங்கள் அத்தை என்று இவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். கிழவியம்மா கேட்கவில்லை. “அவன் ஆத்தா வந்து கேட்டால் நான் இருந்து சொல்ல வேண்டாமா” என்றாராம்.

திருமணமாகி அவ்வூருக்கு வந்த நாளிலிருந்து அவர் ஆற்றில் இறங்கும் அழகரைக் காணாத ஆண்டு அது ஒன்றுதானாம். பிறகு காணும் வாய்ப்பு வரவேயில்லை.

“ஏன் என்னிடம் அப்போதே சொல்லவில்லை?” என்று தோழியைக் கேட்டேன். “சொன்னால் நீ பிள்ளையை வேறெங்கே விட்டிருப்பாய்?” என்றாள். அதற்கு என்னிடம் விடை இல்லை. இப்போதும் இல்லை. மடல் எழுதிய வாசகிக்கு ஒன்று சொல்ல முடியும்: தோழியிடம் விடுங்கள்; ஆனால் அன்றைக்கு அவர்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று இரண்டு முறை கேளுங்கள். நான் ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 14 பெரிய வியாழன். இளையவனுக்குப் பத்து வயது நடந்தது. பெரியவனாகிவிட்டேன், சிறு பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்று முதலில் மறுத்தான். பின்பு அவனாகவே ஒப்புக்கொண்டான். மூத்தவளுக்கும் இடம் கேட்டோம்; அவள் இப்போது வேண்டாம், எனக்குப் பாட்டுக்குழு இருக்கிறது என்றுவிட்டாள். தோழி நத்தத்திலிருந்து ஒரு கூடை மாம்பழத்தோடு வந்து, சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு என் அருகில் அமர்ந்திருந்தாள். பங்குத்தந்தை அவன் முன் மண்டியிட்டபோது, கால் வழுக்காமலிருக்க அவன் இடது கையை விசுப்பலகையில் ஊன்றினான். முழங்கைக்குக் கீழே அந்தக் கை இன்னும் சற்று வளைந்துதான் இருக்கிறது. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். தோழி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், நாளைக்கு மறுநாள் அழகர் ஆற்றில் இறங்குகிறார், விடியற்காலையில் போக வேண்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டாள். ஒன்பதரைக்கு என்றேன். என் கணவர் வண்டியை எடுத்துவரப் போனார்.